இரண்டு பேருக்குப் பத்துமா

மே 14, செவ்வாய்

இந்த நோட்டு செலவு எழுத வாங்கியது. "அங்க போய் ஒவ்வொரு காசையும் எழுதி வையி செம்பகம், அப்பத்தான் மிச்சம் தெரியும்" என்று விமான நிலையத்தில் வைத்துச் சொன்னார் என் வீட்டுக்காரர். தவமணி மொபைல்ஸ் என்று போர்டு வைத்த கடையில் ஒரு நாளாவது கணக்கு எழுதியிருப்பாரா? கடை பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். புத்தி சொல்ல மட்டும் முதல் ஆள்.

தாய்லாந்து வந்து மூன்று நாள் ஆகிறது. பள்ளிக்கூடம் சின்ன டவுனில், பேராவூரணி அளவுதான் இருக்கும். ஆறு வகுப்புகளுக்கு இங்கிலீஷ் நான். அறை மூன்றாவது மாடி. கீழே சாப்பாட்டுக் கடையில் மீனை ஊறவைத்து, புளிக்கவைத்து, அதையே ஊற்றி எல்லாவற்றையும் கிண்டுகிறார்கள். அந்த நாற்றம் படியேறி வந்து என் தலையணைக்குள் புகுந்துகொண்டது. கர்மம்.

வந்த காரணத்தை எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துபோகக் கூடாது. இந்தப் பள்ளியில் ஆசிரியர் பிள்ளைக்குப் படிப்பு இலவசம். இனியாவுக்குப் பத்து வயது. நவம்பரில் இரண்டாம் பருவம் தொடங்கும்போது அவளை இங்கே சேர்க்க வேண்டும். சேர்ப்பதாக இருந்தால் ஆகஸ்ட் முடிவதற்குள் எழுதிக் கொடுக்கச் சொன்னார் தலைமை ஆசிரியை சுனீ மேடம். அதற்குள் இந்தச் சம்பளம் இரண்டு பேருக்குப் பத்துமா என்று பார்க்க வேண்டும். பிள்ளைக்கு பாஸ்போர்ட்கூட எடுத்தாயிற்று, வீட்டு பீரோவில் இருக்கிறது.

மே 17, வெள்ளி

திங்கள் மஞ்சள் சட்டையாம். புதன் விளையாட்டுச் சட்டையாம். வெள்ளி உள்ளூர்க் கைத்தறியாம். எல்லாம் நம் காசில். சம்பளம் வருவதற்கு முன்பே மூன்று சட்டை வாங்க வைத்துவிட்டார்கள். இதை ஏஜெண்ட் சொன்னானா? "போனதும் சம்பாத்தியம்தான் மேடம்" என்று பல்லைக் காட்டினான்.

மே 31, வெள்ளி

முதல் சம்பளம். இருபத்தோராயிரம் பாத் என்று பேச்சு, ஒரு பாத் நம் காசுக்கு இரண்டே கால் ரூபாய். கைக்கு வந்தது பதினெட்டரை. ஏஜெண்ட்டுக்கு மாதம் இரண்டாயிரம் ஒரு வருஷத்துக்குப் பிடிப்பார்களாம், மீதி ஏதோ காப்பீடாம்.

பக்கத்து வகுப்பில் டெரிக் என்று ஒரு வெள்ளைக்காரன். சொந்த ஊரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தானாம். அவனுக்கு முப்பத்தைந்தாயிரம். காலையில் கேட்டில் நின்று பெற்றோருக்குக் கும்பிடு போடுவதுதான் அவன் முக்கிய வேலை. அவன் வகுப்பு நோட்டைத் திருத்துவது நானும் ரொவீனாவும். ரொவீனா பிலிப்பைன்ஸ்காரி, எதிர் அறை, எட்டு வருஷமாக இங்கே இருக்கிறாள். "எனக்கும் ஆரம்பத்தில் வயிறு எரிந்தது, இப்போது எரிய ஒன்றும் மிச்சமில்லை" என்றாள். எனக்கு நிறைய மிச்சமிருக்கிறது. எம்.ஏ., பி.எட். படித்தது நான். அவனுடைய தோலுக்கு மாதச் சம்பளம். தூ.

ஊருக்கு எட்டாயிரம் பாத் அனுப்பினேன். என் கணக்கில்தான் விழும். ஏடிஎம் கார்டும் பாஸ்புக்கும் அவரிடம்.

ஜூன் 9, ஞாயிறு

சந்தைக்குப் போனேன். அரிசி, முட்டை, புளி. புளி நம் ஊர்ப் புளியை விட நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ரசம் வைத்தேன். ஒரு பூப்போட்ட தட்டும் வாங்கினேன். இருக்கிற தட்டு உடைந்தால் மாற்றுக்கு வேண்டுமே.

மாலை போன் பேசினேன். அவர் ஊரில் எல்லாரிடமும் என் சம்பளம் ஒரு லட்சம் என்று சொல்லிவைத்திருக்கிறார்.

"ஏங்க, பிடித்தம் போக அதுல பாதிகூட தேறாதுங்க."

"அட, உண்மையச் சொன்னா எவன் மதிப்பான்? கொஞ்சம் கெத்தா இரு."

கெத்தாக இருக்கிறேன். மதியம் பள்ளியில் பிள்ளைகளுக்குப் போடும் சோற்றில் மிஞ்சியதை டப்பாவில் கட்டிக்கொண்டு வந்து இரவுக்கு வைத்துக்கொள்கிறேன். அந்த மீன் நாற்றத்தோடுதான்.

ஜூன் 18, செவ்வாய்

இனியா போனில் பேசவில்லை. காய்ச்சலாம். அவளுடைய அப்பா சொல்கிறார், "அது ஒண்ணுமில்ல." அவருக்கு என்றைக்குத்தான் ஏதாவது ஒன்று இருந்திருக்கிறது?

ஜூன் 30, ஞாயிறு

சுனீ மேடம் சேர்க்கைப் படிவத்தைக் கொடுத்துவிட்டார். நான் கூட்டிக் கழித்து மண்டை காய்ந்து உட்கார்ந்திருந்தேன். ரொவீனா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "பேப்பரில் பார்த்தால் எந்தச் சம்பளமும் பத்தாது. ஒரு மாதம் அவள் இங்கே இருப்பதாகவே வாழ்ந்து பார். முட்டை வாங்கினால் அவளுக்கும் ஒன்று என்று அந்தக் காசை ஒரு டப்பாவில் போடு. பஸ்ஸில் ஏறினால் அவள் டிக்கெட்டையும் போடு. மாதக் கடைசியில் வாடகை கொடுக்க முடிந்தால் பத்தும். டப்பாவில் கை வைத்தால் பத்தாது." தன் மகனைக் கொண்டுவருவதற்கு முன்பு அவள் இப்படித்தான் செய்தாளாம்.

பைத்தியக்கார வேலை. பிஸ்கட் டப்பா ஒன்றைக் கழுவி வைத்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

ஒரு வாரம் ஆயிற்று. எனக்கு ஒரு முட்டை, டப்பாவுக்கு ஒரு முட்டைக்காசு. எனக்கு ஒரு டம்ளர் பால், டப்பாவுக்கும் அதே. ஷாம்பு வாங்கும்போது கடைக்காரப் பெண் ஒன்றுதானே என்று விரலைக் காட்டினாள். நான் இரண்டு விரலைக் காட்டிவிட்டேன்.

மழை பெய்தால் தெருவெல்லாம் சாக்கடை. செத்த எலி மிதந்தது, அதைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போனேன். மழைக்கோட்டு வாங்கலாமென்று கடைக்குப் போனால் பெரியவர்கள் அளவு விலை அதிகம். சின்ன அளவு தள்ளுபடியில் கிடந்தது. மஞ்சள் நிறம். வாங்கிவிட்டேன். தள்ளுபடியை விடுவானேன்.

ஜூலை 19, வெள்ளி

ஊரில் ஆடி பிறந்துவிட்டது. அவர் போனில் ஒரே கொஞ்சல். "செம்பகம், நம்ம கஷ்டமெல்லாம் தீரப் போவுது. ஒரு விசேஷம் வச்சிருக்கேன். கார்டு அடிச்சதும் சொல்றேன்." என்ன விசேஷம் என்று கேட்டேன். "நீ அங்கேயே இரு, அது போதும்" என்றார்.

கொஞ்சினால் எனக்குப் பயம்.

ஜூலை 24, புதன்

என் சின்னண்ணன் சிங்காரவேலு வாட்ஸ்ஆப்பில் ஒரு அழைப்பிதழ் அனுப்பினான். கீழே, "இது ஒனக்குத் தெரியுமா ஆத்தா?" என்று கேட்டிருந்தான்.

மொய் விருந்து. ஆகஸ்ட் எட்டு, வியாழன். விருந்து கொடுப்பவர் பெயர்: திருமதி செண்பகவல்லி தவமணி எம்.ஏ., பி.எட்., தாய்லாந்து.

வகுப்பைப் பாதியில் விட்டு வெளியே வந்து நின்றேன்.

எங்கள் பக்கம் ஆடியில் இது வழக்கம். பந்தல் போட்டு, ஆட்டுக்கறி விருந்து வைத்து, ஊரைக் கூப்பிட வேண்டியது. வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். ஐநூறு, ஐயாயிரம், ஐம்பதாயிரம் என்று லட்சக்கணக்கில் சேரும். இனாம் இல்லை அது. அவரவர் விருந்து வைக்கும்போது நாம் திருப்பிச் செய்ய வேண்டும், வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்தும் போட வேண்டும். அந்தக் கொஞ்சம்தான் உறவு தொடருகிறது என்பதற்கு அடையாளம். வாங்கியதை மட்டும் சரியாகத் திருப்பிப் போட்டால், கணக்கை நேர் பண்ணிவிட்டார்கள் என்று அர்த்தம். அதோடு போக்குவரத்து இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்பு இவர் தன் பெயரில் ஒரு விருந்து வைத்தார். வந்த பணத்தில் பாதி வீட்டுக்கு, பாதி சீட்டு விளையாட்டுக்கு. பலருக்கு இன்னும் திருப்பிச் செய்யவில்லை. இவர் பெயரில் இனி ஒரு ஈ காக்கை மொய் எழுதாது. அதனால் என் பெயர். பெயருக்குப் பின்னால் தாய்லாந்து வேறு.

போன் போட்டேன். "யாரைக் கேட்டு என் பேரப் போட்டீங்க?"

"யாரைக் கேக்கணும்? நீ என் பொண்டாட்டிதான? இந்தா பாரு, ஆயிரத்து இருநூறு வீட்டுக்குக் கார்டு குடுத்தாச்சு. தாய்லாந்துன்னதும் ஒவ்வொருத்தன் கண்ணும் விரியுது."

"திருப்பிச் செய்யிறது யாரு?"

"நீதான் சம்பாதிக்கிறல்ல?"

சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பு காதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, சோப்பு போட்டாலும் போகாது. நிறுத்த முடியுமா என்று அண்ணனைக் கேட்டேன். "கார்டு போன பெறகு நிறுத்துனா ஒன் பேருதான் நாறும்" என்றான்.

ஜூலை 31, புதன்

மாதம் முடிந்தது. வாடகை, கரண்ட், சாப்பாடு எல்லாம் போயிற்று. டப்பாவில் கை வைக்கவில்லை. ஊருக்கு அனுப்பும் எட்டாயிரத்தைத்தான் அனுப்பவில்லை. அதை அனுப்பாமல் இருந்தால் பத்தும். பிள்ளையே இங்கே இருக்கும்போது அங்கே எதற்கு அனுப்ப வேண்டும்?

டப்பாக் காசை எண்ணும்போது ரொவீனா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தன் அறையிலிருந்து ஒரு தலையணை கொண்டுவந்து கட்டிலில் போட்டுவிட்டுப் போனாள். பழையதுதான், துவைத்தால் சரியாகிவிடும்.

அவருக்குப் போன் போட்டு, "சம்பளம் ரெண்டு பேருக்குப் பத்தும், நவம்பர்ல இனியாவை அனுப்புங்க" என்றேன். "விருந்து முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

இங்கே எனக்கு ஐந்தாம் வகுப்புக்குப் பரீட்சை. அங்கே எனக்கு விருந்து. அவர் வீடியோ அனுப்பிக்கொண்டே இருந்தார். பந்தல் வாசலில் என் முகம் பத்தடி உயரத்துக்கு. பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கி, பின்னால் விமானம் ஒன்றைப் பறக்கவிட்டிருந்தார்கள். இலையில் மலையாகக் கறி. மைக்கில் ஒருவர், "தாய்லாந்து செண்பகம் விருந்துக்கு ஐயாயிரத்து ஒண்ணு!" என்று கத்துகிறார். மொய் எழுதுகிற மேசை நான்கு.

ஒரு வீடியோவில் இனியா வாசலில் நிற்கிறாள். பட்டுப்பாவாடை, கையில் சந்தனக் கிண்ணம். வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுக்கிறாள். ஒரு ஆள் அவள் கன்னத்தைக் கிள்ளி, "அம்மா எவ்ளோ அனுப்புது?" என்று கேட்கிறான். அவள் கேமராவைப் பார்க்கிறாள்.

மதியம் சாப்பிடவில்லை. நாற்றத்தால் இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆகஸ்ட் பன்னிரண்டு இங்கே அன்னையர் தினம். பள்ளியில் இன்றே கொண்டாடினார்கள். அம்மாக்கள் நாற்காலிகளில் உட்கார, பிள்ளைகள் முழங்காலால் நகர்ந்து வந்து மல்லிகைச் சரத்தைக் கையில் வைத்து, மடியில் தலை சாய்த்துக் கும்பிட வேண்டும். ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு அம்மா வரவில்லை. அம்மா பாங்காக்கில் வேலை, பணம் அனுப்புகிறாள் என்றார் சுனீ மேடம். அந்தப் பிள்ளைகளுக்கு ஆசிரியைகள் உட்கார வேண்டுமாம். என் நாற்காலிக்கு நாலாம் வகுப்பு ப்ளோய் வந்தாள். வகுப்பில் வாயே திறக்காத பெண். தலையை மடியில் வைத்தவள் எடுக்கவே இல்லை. சேலை நனைந்தது. மைக்கில் அடுத்த வரிசையைக் கூப்பிட்டார்கள், அப்போதும் எடுக்கவில்லை.

சீ, என்ன பிழைப்பு இது. யாருடைய பிள்ளையோ என் மடியில், என் பிள்ளை எவன் வாசலிலோ சந்தனக் கிண்ணத்தோடு.

முடிந்ததும் கழிப்பறையில் முகம் கழுவிவிட்டுப் போனைப் பார்த்தேன். வங்கியிலிருந்து செய்தி. இப்போதெல்லாம் மொய்ப் பந்தலிலேயே வங்கிக்காரர்கள் மெஷின் வைத்து எண்ணி, விருந்து கொடுப்பவர் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். விருந்து கொடுத்தவள் நான். என் கணக்கில் பதினோரு லட்சத்து நாற்பதாயிரம் விழுந்திருந்தது.

அவர்தான் முதலில் அழைத்தார். குரலில் அப்படி ஒரு குஷி.

"பாத்தியா மெசேஜ? ஒரு காரு பேசி முடிச்சிட்டேன். செகண்ட் ஹேண்டுதான். நாளைக்கி ஒன் கார்டத் தேய்ச்சுப் பணத்தக் கட்டணும்."

"இனியா டிக்கெட்டு?"

"அத மறந்துரு. பிள்ளைய அனுப்பிட்டா ஊர்ல என்ன நெனப்பான்? குடும்பத்தோட ஓடிட்டா, மொய்யி போச்சுன்னு வாசல்ல வந்து நிப்பான். இனியா இங்க இருந்தாத்தான் நீ அனுப்புவேன்னு நம்புவான். ஒரு அஞ்சு வருசம். அப்பறம் பாத்துக்கலாம்."

"என்னங்க சொல்றீங்க? பிள்ளைய அடமானமா வச்சிருக்கீங்களா?"

"பெரிய வார்த்தையெல்லாம் பேசாத. அவ பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போயிட்டு வர்றா."

போனை வைத்தேன். வங்கி ஆப்பைத் திறந்தேன். கார்டை நிறுத்து என்ற இடத்தில் அமுக்கினேன். நிச்சயமா என்று கேட்டது. மறுபடியும் அமுக்கினேன். அப்புறம் ஆறாம் வகுப்புக்குப் போய் இறந்தகால வினைச்சொற்கள் நடத்தினேன்.

ஆகஸ்ட் 10, சனி

முப்பத்தொரு அழைப்பு. எடுக்கவில்லை. துணி துவைத்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அண்ணனிடம் பேசினேன். மொய் எழுதினவர்கள் பட்டியலை அவன் போட்டோ எடுத்து வைத்திருக்கிறான்.

"சின்னண்ணே, பணத்த ஒன் கணக்குக்கு அனுப்புறேன். அண்ணியையும் கூட்டிக்கிட்டு வீடு வீடாப் போயி, எழுதுனத எழுதுனபடி திருப்பிக் குடுத்துருங்க."

"மேல எவ்ளோ வைக்கட்டும்?"

"ஒத்த ரூவா வைக்கக் கூடாது."

"விருந்து முடிஞ்ச வாரமே நேர் பண்ணுனா, மூஞ்சில அடிச்ச மாதிரி ஆத்தா. நாளைக்கி நல்லது கெட்டதுக்கு ஒருத்தன் படி ஏற மாட்டான். ஊரே பகையாயிரும்."

"என் மவள அடமானமா நெனச்சு மொய் எழுதுன ஊருதான? ஆவட்டும்."

"எல்லாரும் அப்படியா நெனச்சு எழுதுனாங்க? ஒன் மேல மதிப்பு வச்சு எழுதுனவங்களும் இருக்காங்க."

அது உண்மைதான். சத்துணவில் வேலை பார்க்கும் பாப்பாத்தி அக்கா இருநூறு எழுதியிருக்கிறாள், நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளையின் அம்மா. அவளுக்கும் திருப்பித்தான் கொடுக்க வேண்டும். ஒருவரை விட்டால் எல்லாரும் அந்த ஓட்டை வழியாக உள்ளே வருவார்கள். "அக்காகிட்ட மட்டும், கோவிச்சுக்க வேணாம்னு நான் சொன்னதாச் சொல்லு" என்றேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அண்ணன் பாவம், ஒரு வாரமாக அலைகிறான். சில வீட்டில் வாசலிலேயே நிற்கவைத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார்களாம். ஒருவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "தாய்லாந்துக்காரிக்கு நம்ம கறி செமிக்கலையோ" என்றாராம். செரிக்கவில்லை ஐயா, ஒன்பதாம் தேதியிலிருந்து செரிக்கவில்லை. பாப்பாத்தி அக்கா மட்டும் அண்ணிக்குக் காப்பி கொடுத்து, "பிள்ளையக் கூட்டிக்கச் சொல்லுங்க" என்றாளாம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஒருவழியாக அவர் போனை எடுத்தேன். திட்டவில்லை. பணிவாகப் பேசினார், அதுதான் இன்னும் அருவருப்பு.

"என்னைய நடுத்தெருவுல நிறுத்திட்ட. காருக்குக் குடுத்த அட்வான்ஸ் போச்சு. கறிக்கடை, பந்தல், சமையக்காரன், எல்லாம் என் பேருல சொன்னது. ரெண்டே கால் லட்சம் பாக்கி. வீட்டு வாசல்ல கறிக்கடைக்காரன் ஒக்காந்திருக்கான்."

"அதுக்கு?"

"நீ அதக் கட்டிரு. பாஸ்போர்ட்ட எடுத்து ஒங்க அண்ணன்கிட்டக் குடுத்துர்றேன். கையெழுத்து எங்க வேணுமோ போட்டுத் தர்றேன். பிள்ளையக் கூட்டிக்க. நான் குறுக்க வர மாட்டேன்."

விலை சொல்லிவிட்டார். பெற்ற பிள்ளைக்குக் கறிக்கடைப் பாக்கி விலை. பேரம் பேசினால் குறைப்பார் என்றுகூடத் தோன்றியது. பேரம் பேசவில்லை. அவளைக் குறைத்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

டப்பாவில் இருப்பது விமான டிக்கெட்டுக்குச் சரியாகப் போய்விடும். வேறு பணம் கிடையாது. விமானத்தில் தங்கம் எதற்கென்று, கிளம்பும்போது தாலியைக் கயிற்றில் கோத்துக்கொண்டு, கொடியைக் கழற்றி அண்ணியிடம் கொடுத்து வைத்திருந்தேன். ஐந்து பவுன். அப்பா போட்டது.

அண்ணன் அழுதே விட்டான். "தாலிக்கொடிய வித்து கறிக்கடைக்கா குடுக்கச் சொல்ற?"

"கறி தின்னாச்சுல்ல? யாராச்சும் குடுக்கணும்ல?"

"அண்ணி வேணாங்குறா. வேற ஏதாச்சும் வழி பாப்போங்குறா."

"அண்ணே, அந்தக் கொடிய மறுபடி மாட்டிக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள போவேன்னா நெனக்கிற?"

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. எழுதிப் பார்க்கும்போது எனக்கும்.

ஆகஸ்ட் 26, திங்கள்

விற்றாயிற்று. கறிக்கடைக்காரரிடம் அண்ணனே நேரில் கொடுத்தான், இவர் கையில் கொடுக்கவில்லை. மீதியையும் அப்படியே அடைத்தான். பாஸ்போர்ட் வந்தது. உறைக்குள் சந்தனக் கறை இருந்ததாம்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சுனீ மேடம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இன்று சம்பளம். அதே பதினெட்டரை. டெரிக் புது மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறான், ஓட்டிக் காட்டினான். என் வயிறு இன்னும் எரியத்தான் செய்கிறது.

மாலையில் அண்ணன் வீட்டிலிருந்து இனியா பேசினாள். துணியை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாளாம். நவம்பர் வரை மாமா வீடுதான். நிறைய கேட்டாள். அங்கே நாய் இருக்குமா, புத்தகம் தருவார்களா, மழை பெய்யுமா. கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, நான் வந்தா சம்பளம் பத்துமா? அப்பா பத்தாதுன்னு சொல்லிச்சு. நான் கொஞ்சமாத்தான் சாப்புடுவேன்."

"பத்தும்டி. நீ நல்லா சாப்புடு."

"நெசமா?"

"ஒனக்குன்னு பூப்போட்ட தட்டு வாங்கி மூணு மாசமாச்சு. மஞ்ச மழைக்கோட்டும் வாங்கிட்டேன்."

"அளவு சரியா இருக்குமா?"

வளர்ந்திருப்பாளோ என்னவோ. உயரத்தை மாமாவிடம் சொல்லி அளக்கச் சொன்னேன். அந்தப் பழைய தலையணைக்கு ஒரு உறை வாங்க வேண்டும்.